பூனைக்குட்டியை வாங்க வந்தவள்

திருச்செங்கோட்டில் மாலை வெயில் வாசற்படியில் சாய்ந்து கிடக்கிறது. சாக்கடையிலிருந்து தமிழ்ச்செல்வி தூக்கி வந்த பூனைக்குட்டியை வாங்கிப்போக, பக்கத்து வீட்டு சௌமியா கூடையோடு நிற்கிறாள். குட்டி தமிழ்ச்செல்வியின் மடியில் சேலையில் நகம் பதித்து உறங்குகிறது. அதன் சூடு வயிற்றில் இறங்குகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போன கணவன் ஆனந்தகுமார் போனில் பேசுகிறான். அவன் குரலுக்குப் பின்னால் போர் போடும் இரைச்சல். "பூனை முடி எனக்கு ஆகாதுல்ல, ஊட்டுக்கு வந்தா தும்மிக்கிட்டே கெடப்பேன். குடுத்துட்டியா?" அவள் குட்டியின் காதை விரலால் நீவுகிறாள். "எப்பங்க வருவீங்க?" "தெரியல செல்வி. மழை புடிச்சாத்தான் வண்டி திரும்பும்." அவள் சௌமியாவைப் பார்த்து வேண்டாமென்று தலையசைக்கிறாள். சௌமியா வெறுங்கூடையோடு படியிறங்குகிறாள். "நீங்க வர்ற அன்னைக்கே குடுத்தர்றேனுங்க" என்கிறாள் போனில். "வாங்க."