வெதுவெதுப்பான முதுகு

நார்வே மலையடிவாரத்தில், குழந்தையோடு ஏற வருகிறவர்களுக்கு 'சுமப்பான்' என்று ஒன்றை வாடகைக்குத் தருகிறார்கள், கண்ணுகளா. இரண்டு கால், வெதுவெதுப்பான முதுகு, பிள்ளையைச் சுமந்துகொண்டு மனுஷர் மாதிரியே நடக்கும் இயந்திரம். கரூரிலிருந்து போன தமயந்தியின் மூன்று வயது மகள் யாழிக்கு, அதில் ஏறிய நாளிலிருந்து இறங்க மனமே இல்லை. தூக்கம்கூட அதன் மேல்தான்.

"அம்மாகிட்ட வாடி தங்கம்."

"மாட்டேன். உனக்கு மூச்சு வாங்குது."

"மிஷினோட சக்களத்திச் சண்டையா உனக்கு?" என்று சிரித்தான் புருஷன் முகுந்தன்.

தமயந்திக்கு வயிறு எரிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே, யாழி பூப்பறிக்க இறங்கிய நேரம் பார்த்து, பொத்தானை அமுக்கி அதை நிறுத்திவிட்டாள். அது அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தது.

"அது தூங்கிருச்சுடா செல்லம். இனி அம்மாதான் தூக்கணும்," என்று ஆசையாகக் கைகளை நீட்டினாள்.

யாழி அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, சில்லுன்னு ஆயிருச்சே! அம்மா, உன் சால்வையக் குடு."

பனிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. தமயந்தி சால்வையைக் கழற்றிக் கொடுத்தாள். குழந்தை அதை இயந்திரத்துக்குப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் அம்மா தன்னைத் தட்டுவது போலவே மெதுவாகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

"சத்தம் போடாதம்மா," என்றாள்.