ஐந்து கட்டம் காலி

“அட்டை வெட்டுற வேலை முடிஞ்சுது கல்பனா. இனி பேர் எழுதறது பசங்க பாடு.”

நூற்றுப் பதினெட்டு அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டுப் பையில் வைத்துக்கொண்டார் அவள் கணவர் அரசு. ஒவ்வொன்றின் மூலையிலும் எண் மட்டும் எழுதியிருந்தார். நின்றபடியே டீயைக் குடித்தார், டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு பைக்கை எடுத்தார்.

அன்று காலை வகுப்பில் அட்டைகளைக் கொடுத்திருக்கிறார். மாலை திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பாகூர் வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு கல்பனா ஏம்பலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளும் அறிவியல் ஆசிரியைதான், வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில். இரண்டு மாதம் கழித்து, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கடலோர மணப்பட்டுப் பள்ளிக்கு, அவர் எடுத்த எட்டாம் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள்.

அவர் ஆரம்பித்துவைத்த தனிம அட்டவணையை அறிவியல் கண்காட்சியில் முழுதாக நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கண்காட்சி நாளும் வந்துவிட்டது. பத்து மணிக்கு வேன். மணி ஒன்பதரை.

தெர்மாகோல் பலகை வகுப்புத் தரையில் கிடந்தது. ஹைட்ரஜனில் தொடங்கி வரிசையாக வந்த அட்டைகள் இருபத்தைந்தோடு நின்று, முப்பத்தொன்றில் மறுபடி தொடங்கின. நடுவில் ஐந்து கட்டம் காலி.

“இரும்பு எங்க? செம்பு எங்க? துத்தநாகம்? ஒரு வாரமா கத்தறேன். நம்பர் வரிசை அறுந்தா இதுக்குப் பேரு அட்டவணையா? உங்க ஊர்ல இரும்பே கிடையாதா?”

“படகு இன்ஜின்ல இருக்கு டீச்சர்” என்றான் சிலம்பரசன். பின்வரிசை சிரித்தது.

“வாய மூடு. அட்டைய யாரு பிரிச்சது?”

“நாங்கதான் கூறு போட்டோம் டீச்சர்” என்று எழுந்தாள் வகுப்புத் தலைவி ஜெயப்பிரியா. “மீனு பிரிக்கிற மாதிரி. கூறுக்கு அஞ்சு. மிச்சம் மூணு லீடருக்கு.”

“எத்தன கூறு?”

“இருபத்திமூணு.”

“கிளாஸ்ல எத்தன பேரு?”

“இருபத்திரண்டு.”

“எட்டாவது படிக்கிற. தலைய எண்ணத் தெரியல, நீ லீடரு!”

ஜெயப்பிரியா வாயைத் திறந்தாள். வாசலில் தலைமையாசிரியை தையலம்மாள் வந்து நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“இந்தப் பசங்க மாங்கா பிரிச்சாலும் ஒரு கூறு சேத்துத்தான் வெக்கும் கல்பனா” என்றார் தையலம்மாள். “ஆளுக்கு ஒரு பங்கு, படகுக்குத் தனியா ஒரு பங்கு. கடல்காரப் பழக்கம்.”

“இங்க எந்தப் படகு மேடம் இருக்கு?”

“சரி விடு. அஞ்சு அட்டதான? சார்ட்டுல வெட்டி ஒட்டிடு.”

“முடியாது மேடம்.”

அவள் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அரசு வெட்டிய அட்டை, அவர் போட்ட எண். அதில் ஐந்தை மாற்றினால் அது அவருடையது இல்லை என்று ஆகிவிடும். தையலம்மாள் வேனைப் பார்க்கப் போனார்.

“எல்லாரும் பையக் கொட்டுங்க” என்றாள் கல்பனா.

நோட்டும் டிபன் பாக்ஸும் தரையில் விழுந்தன. ஒருத்தன் பையிலிருந்து நண்டுக் கால் ஒன்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

ஜெயப்பிரியாவின் பைக்குள், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐந்து அட்டைகள் இருந்தன. மூலையில் இருபத்தாறு முதல் முப்பது வரை எண்கள். அவ்வளவுதான். மற்றபடி வெறும் வெள்ளை.

“எடுத்து ஒளிச்சு வெச்சதும் இல்லாம எழுதவும் இல்லியா?” என்றாள் கல்பனா. “நான் இங்க தொண்ட கிழியக் கத்தறேன், நீ பைக்குள்ள வெச்சிக்கிட்டு நிக்கிற. சார் போனதும் குளிர் விட்டுப்போச்சா உங்களுக்கெல்லாம்?”

“திருடல டீச்சர்.” ஜெயப்பிரியாவுக்கு உதடு பிதுங்கியது. “அது படகுப் பங்கு இல்ல. சார் பங்கு.”

“இன்னாது?”

“சார் எது செஞ்சாலும் எங்களோட ஒரு கூறு எடுத்துக்குவாரு. அன்னிக்கும் சாரையும் சேத்துத்தான் கூறு போட்டோம். சாயங்காலம் எடுத்துக்கறேன்னாரு. மறந்துட்டுப் போயிட்டாரு.”

ஜெயப்பிரியா அட்டைகளை மறுபடி கவரில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

“இத ஏன் மொதல்லயே சொல்லல?”

“சார் பேச்சே எடுக்கக் கூடாது, எடுத்தா நீங்க அழுவீங்கன்னு ஹெச்செம் சொன்னாங்க டீச்சர்.”

வெளியே வேன் ஹாரன் அடித்தது. கல்பனா அட்டைகளுக்காகக் கையை நீட்டினாள். அந்தப் பெண் கவரைப் பின்னால் கொண்டுபோனாள்.

“இங்க வெச்சுக் குடுக்கக் கூடாது டீச்சர். ஆளு போயிட்டா வருசம் திரும்புற வரைக்கும் அவங்க பங்கு வூடு தேடிப் போவணும், வழியில நிறுத்திக் குடுத்தா மரியாத இல்லன்னு எங்கம்மா சொல்லிச்சு. பாகூருக்கு மூணு தடவ போனோம். பூட்டியே கெடந்துச்சு.”

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்ப சார் வூடு எங்க டீச்சர்?”