மாடியறைக்கு இரண்டு பக்கங்கள்

வால்பரைசோ துறைமுக நகரின் மலைச்சரிவில் நெலிதா நடத்திய விடுதி, இணையத்தில் எவ்வளவு தேடினாலும் யாருக்கும் அகப்படவில்லை. விடுதியின் இணையதளத்தைச் சரிசெய்ய வந்த ஷிமெனா காரணத்தைக் கண்டுபிடித்தாள். மாடியறைக்கு மட்டும் ஒரே தலைப்பு, ஒரே விவரத்தோடு இரண்டு பக்கங்கள் இருந்தன.

"ஒண்ணை எடுத்துடலாம்மா. தேடும்போது ரெண்டும் ஒண்ணையொண்ணு அமுக்குது."

"அதுல ஒண்ணு என் வீட்டுக்காரர் ஓஸ்வால்தோ போட்டது. அவரைக் கடல் கொண்டுபோச்சு... சரி, அதையே எடு. விடுதிக்கு ஆள் வரணுமே."

மறுநாள் மதியம் நெலிதா போனில் கிசுகிசுத்தாள். "பொண்ணே, ஓஸ்வால்தோ மாடியிலேருந்து இறங்கி வந்திருக்கார். சட்டையெல்லாம் ஈரம். 'என் அறை எங்கே?'ன்னு கேக்கிறார்."

ஷிமெனா போனைக் காதில் இடுக்கியபடி கணினியைத் திறந்தாள். நீக்கிய பக்கத்தைத் திரும்பப் போட்டாள். மறுமுனையில் மரப்படிகள் ஒவ்வொன்றாக முனகின. மேலே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"போயிட்டார்," என்றாள் நெலிதா. "ஒரு வாய் சாப்பிடச் சொல்லக்கூட விடலியே நீ."