கறுப்புக் கொடி

அண்ணன் கொடிக்குக் கழி சீவிக்கொண்டிருந்தார். தலைநகரத்திலிருந்து வந்திருந்த தங்கை, கறுப்புத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அனல் மின் நிலையத்தை மூடும் உத்தரவோடு நாளை அதிகாரி வருவதாக ஊரெல்லாம் பேச்சு.

“காரை மெயின் கேட்டுலயே மறிச்சிடுவோம்,” என்றார் அண்ணன். நிலையத்தில் பாய்லர் ஆப்பரேட்டரும் தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான்.

“குறுக்கே படுக்கப் போறியா? ஏற்கெனவே முதுகுப் பிடிப்பு உனக்கு.”

“படுத்தாத்தான் உறைக்கும். நாட்டுல புகை குறையணுமாம். குறையட்டும், வேண்டாங்கலை. ஆனா சோலார் கம்பெனி எல்லாத்தையும் தலைநகரத்துப் பக்கமே வச்சுக்கிட்டா, நாங்க எங்கே போறது?”

“அதிகாரி பாவம். மேலே சொல்றதைத்தானே செய்யறாங்க?”

“பாவமாவது, புண்ணியமாவது! ‘திரும்பிப் போ’ன்னு தொண்டை கிழியக் கத்துவோம்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கொடியை நீட்டினாள்.

“நல்லாக் கத்து. என் கார் பத்து மணிக்கு கேட்டுக்கு வரும். ரெண்டு கோஷம் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க. ‘மாத்து வேலை குடுக்காம மூடக்கூடாது’ன்னு ரிப்போர்ட்டுல நான் மட்டும் எழுதினா, அண்ணனுக்காக எழுதறேம்பாங்க. ஊரே ரோட்டுல நின்னா அப்படிச் சொல்ல முடியாது.”

அண்ணன் கொடியைக் கழியில் இறுக்கிக் கட்டினார்.

“திரும்பிப் போன்னு கத்தறதை மனசுல வச்சுக்காதே. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துடு.”