சன்னலோர வசவு

“ஏட்டி விடுதலைக்காரி, புருசனுக்கு அடங்காதவளே.”

சன்னலுக்கு வெளியே சுடலைமாடத்தி ஆரம்பித்துவிட்டாள். கலியாணமே ஆகாத தேவகிருபை டீச்சருக்குப் புருசன் ஏது?

கான்சாபுரம் மிஷன் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆறே பிள்ளைகள். டீச்சர் வந்த நாளிலிருந்து இந்த வசவுதான் பள்ளி மணி. நேற்று சுயமரியாதைக்காரி, முந்தாநாள் காங்கிரஸ்காரி. எதற்கு என்ன அர்த்தம் என்று வைகிறவளுக்கே தெரியாது.

மலையிலிருந்து காற்று இறங்கும். இலவம்பஞ்சு மிதந்து வந்து பிள்ளைகள் தலையில் உட்காரும். சாக்கட்டி பலகையைத் தொட்டதும் வசவு நின்றுபோகும். பாவம், மூச்சு வாங்குகிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொள்வாள். அந்த அமைதியில் எழுத்துகள் கனவில் வருவதுபோல் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

அந்தக் கனவுக்கும் ஆபத்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மிஷன் மேனேஜர் சத்தியநேசன் வில்வண்டியில் வந்து இறங்கினார். கையில் ஒரு மனு.

“நீ பெண் விடுதலைக்காரியாம். பெண்டுகளைக் கெடுக்கிறியாம். நெசமா?”

“எழுத்துச் சொல்லிக் கொடுக்கேன் ஐயா. அம்புட்டுத்தான்.”

“ஊரே வேண்டாம்னா பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான்.”

டீச்சர் மனுவை வாங்கிப் பார்த்தாள். மனுவில் முப்பது கைநாட்டு. கடைசிக் கைநாட்டுக்குப் பக்கத்தில் மட்டும், கரித்துண்டால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. சுடலைமாடத்தி.

மேனேஜரும் அப்போதுதான் பார்த்தார். “இது யாரு? உங்கிட்ட படிச்சவளா?”

“இல்ல ஐயா. தினம் என்னைய வைய வாரவ.”

சன்னலோரம் நின்றவளை உள்ளே கூப்பிட்டார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“கையெழுத்து எங்க படிச்சே?”

சுடலைமாடத்தி பலகையைக் கை காட்டினாள். “ஊருல கைநாட்டுதான் கேட்டாவ. தபால் பெட்டியில போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாவ. இங்க பாடம் நடக்குதுன்னு ஐயாவுக்குத் தெரியட்டும்னு போற வழியில எழுதிப்புட்டேன்.”

மேனேஜர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். “பள்ளிக்கூடம் இருக்கட்டும்” என்றார்.

டீச்சரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பொறவு எதுக்குக்கா தினம் என்னைய வஞ்சீக?”

“சும்மா நின்னா, படிக்க நிக்கான்னு எம் வீட்டுக்காரரு காலை ஒடிச்சுப்புடுவாரு. வஞ்சாத்தானே தாயி, நிக்க விடுதாரு.”