வீக்கத்துக்குள் நான்காவது குட்டி

கால்நடை மருத்துவமனையின் அறுவை மேசை விளக்கு வீசும் வெள்ளை வட்டத்தில் சாம்பல் பூனை மல்லாந்து மயங்கிக் கிடக்கிறது. தொடையிடுக்கில் எலுமிச்சை அளவு வீங்கியிருந்ததைக் கட்டி என்று நினைத்துத்தான் அதை வளர்க்கும் தையல்காரர் தூக்கிவந்தார். ஸ்கேனில்தான் அது ஹெர்னியா என்று தெரிந்தது. வயிற்றுச் சுவரின் ஓட்டை வழியாகக் கருப்பை நழுவி, ஒரு குட்டி தோலுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. வயிற்றைத் திறந்து எடுத்த மற்ற மூன்றும் துவாலைக்குள் கீச்சிடுகின்றன. வீக்கத்திலிருந்து எடுத்த நான்காவது அசையவே இல்லை. நர்ஸ் அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். கருப்பையை மூடி உள்ளே வைத்துவிட்டு மருத்துவர் ஓட்டையைத் தைக்கிறார். கதவிடுக்கில் முகத்தை வைத்து நிற்கும் தையல்காரரின் விரல்கள் காற்றில் அதே தையலைப் போட்டுப் பார்க்கின்றன. "டாக்டரம்மா, எதுக்கு ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனியா முடிச்சு போடுறீங்க?" "ஒண்ணு அவுந்தாலும் மத்தது புடிச்சுக்கும்ல." "அட, இது எனக்குத் தோணலையே!" என்றவரின் குரல் சட்டென்று இறங்குகிறது. "அந்தக் கடைசிக் குட்டி?" நர்ஸ் இன்னும் வேகமாகத் தேய்க்கிறார். துவாலை உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. நர்ஸின் கட்டைவிரலுக்கடியில் சின்ன விலா ஒருமுறை எழுகிறது. தயங்கி, மறுபடி எழுகிறது. வாய் திறக்கிறது, சத்தமே இல்லை. பிறகு, கதவு வரைக்கும் கேட்கும்படி, கோபமாக ஒரு கத்தல். மருத்துவரின் ஊசி பாதித் தையலில் நிற்கிறது.