சுண்டு விரல் அகலம்

"ஏணியை ஆட்டாம பிடிம்மா. மேல நிக்கறது உன் புருஷன்."

"அதான் பயமா இருக்கு. பக்கத்து வீட்டு மாஸ்டர் வெளியே போயிருக்கார். வர்றதுக்குள்ள முடிச்சுட்டு இறங்குங்க," என்றாள் மனைவி.

டாக்ஸிக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். பக்கத்து வீட்டு ஆரஞ்சு மரம் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டியிருந்த கிளைதான் அவருடைய பரம எதிரி. அதற்கு நேர் கீழேதான் அவர் வண்டியை நிறுத்தியாக வேண்டும். வேறு இடம் கிடையாது. விடிந்து பார்த்தால் வெள்ளைக் காரின் மேல் சருகு, பிசுக்கு, குருவி எச்சம். கழுவித் துடைப்பதற்குள் முதல் சவாரி கை நழுவிவிடும். போன வாரம் ஒரு அம்மாள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "இது டாக்ஸியா, கோழிக்கூண்டா?" என்று கேட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டார். இப்படியே போனால் பிழைப்பில் மண்தான்.

மரத்துக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். தங்கமான மனிதர், பேச்சில் சர்க்கரை சொட்டும். ஆனால் கிளையை வெட்டலாமா என்று கேட்டபோது மட்டும் முகம் வாடிவிட்டது. "என் உயிரைக் கேளுங்க தம்பி, தர்றேன். அந்தக் கிளையைக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டார். உயிரை வாங்கி டாக்ஸிக்காரர் என்ன செய்வது?

"அறுக்கறதுன்னா ஒரேயடியா அறுத்துத் தள்ளுங்களேன். என்னங்க இது, பென்சில் சீவற மாதிரி?"

"அறுத்தா கண்டுபிடிச்சுடுவாரு. பட்டையை மட்டும் மோதிரம் போட்ட மாதிரி சுத்தி உரிச்சுட்டாப் போதும். வேர்ல இருந்து இலைக்குத் தண்ணி போற வழியே இந்தப் பட்டைதான். வழியை அடைச்சுட்டா கிளை தாகத்துலயே காஞ்சு விழுந்துடும். யார் மேலயும் பழி வராது."

"அதுக்கு எதுக்கு விரலை வச்சு அளக்கறீங்க?"

"சுண்டு விரல் அகலம். அதுக்கு மேல ஒரு நூல்கூட போகக் கூடாது. உள்ளே இருக்கற கட்டை மேல கத்தி படவும் கூடாது. விவரம் தெரியாமலா ஏறியிருக்கேன்?"

"கொல்றதுக்கா இவ்வளவு பக்குவம் பாக்கறீங்க?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு உரித்து முடித்தார்.

அன்று முதல் காலையில் கண் விழித்ததும் அந்தக் கிளையைத்தான் பார்ப்பார். இலை பழுக்கும், உதிரும், வண்டி பளபளக்கும் என்று காத்திருந்தார். இலை வாடக்கூட இல்லை. மற்ற கிளைகளில் பூ பாதிக்கு மேல் கொட்டிப்போனது. இந்தக் கிளையில் மட்டும் பூத்ததெல்லாம் பிஞ்சாகி, பிஞ்செல்லாம் காயாகி, கிளை தாழ்ந்து காரின் கூரையை உரசத் தொடங்கியது. விஷயம் கேள்விப்பட்ட குருவிகள் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கின. அதுவரை தினம் ஒரு தடவை வண்டியைக் கழுவியவர் இரண்டு தடவை கழுவினார்.

பழம் பறித்து முடித்த அன்று சாயங்காலம், மாஸ்டர் மெல்ல நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு ஆரஞ்சு. ஒவ்வொன்றும் ஒரு கைக்கு அடங்காது.

"நம்ம மரத்துப் பழம். சாப்பிட்டுப் பாருங்க தம்பி. மத்த கிளையில எல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்குத்தான் வந்திருக்கு. உங்க பக்கத்துக் கிளைதான் கூடை கூடையா கொடுத்திருக்கு."

"அப்படியாண்ணே? நான் கவனிக்கவே இல்லையே," என்றார் டாக்ஸிக்காரர், எச்சம் துடைத்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"யாரோ ஒரு புண்ணியவான் பட்டையை உரிச்சு விட்டிருக்கான்."

டாக்ஸிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனைவி சட்டென்று பேச்சில் புகுந்தாள். "பட்டையை உரிச்சா தண்ணி போகாம கிளை காஞ்சுடாதாண்ணே?"

"தண்ணி உள்ளே கட்டை வழியாத்தாம்மா மேல ஏறுது. அதை ஒண்ணும் செய்யலையே. பட்டை வழியா வர்றது இலை சமைச்ச சாப்பாடு. அது கீழே வேருக்கு இறங்கும். நடுவுல வழியை மறிச்சுட்டா இறங்க முடியாம அத்தனையும் பழத்துக்கே போயிடும். பழத்தோட்டக்காரங்க ஆள் வச்சு செய்யற வேலை இது. எனக்கும் ரொம்ப வருஷமா ஆசைதான். இந்த முட்டிவலியோட நான் எங்கே ஏணி ஏற?"

சிரித்துக்கொண்டே மாஸ்டர் கிளம்பிப் போனார். டாக்ஸிக்காரர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஒரு பழத்தை உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல இனிப்பு. அவள் கோபத்தை அது கொஞ்சமும் குறைக்கவில்லை.

"ஏணியைப் பிடிச்சுப் பிடிச்சு எனக்குக் கை மரத்ததுதான் மிச்சம். மரத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச மனுஷன்கிட்டப் போய் வித்தை காட்டியிருக்கீங்களே. பட்டையை உரிச்சா கிளை செத்துடும்னு எந்த மகாபுத்திசாலி உங்களுக்குச் சொன்னது?"

அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் வெறித்துப் பார்த்தார்.

"அவர்தான். நான் கேக்காமலே ஒருநாள் வண்டிகிட்ட வந்து நின்னு, 'எந்தப் பாவியாவது சுண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரிச்சுட்டா என் கிளை செத்துடும் தம்பி'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு."